பெட்டியை மாற்றினால் சரக்கு மாறுமா?

"எம்பி3 ஃபைலை வேவ் ஆக மாத்திட்டேன். சைஸ் இருபது மடங்கு ஆயிடுச்சு. இப்போ ஒரிஜினல் குவாலிட்டி வந்திருக்கும்ல?"

லினக்ஸில் பல வருஷம் புழங்கியவர்கள்கூட என்னிடம் கேட்கிற கேள்வி இது. ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: வராது. ஆனால் ஏன் வராது என்று புரிந்துகொண்டால், ஒலிக்கோப்புகளைக் கட்டளை வரியில் மாற்றும்போது எந்தக் கட்டளை ஆபத்தில்லாதது, எது திரும்ப முடியாத ஒருவழிப்பாதை என்பது தானாகவே தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு. கட்டளைகளை ஃபோனில் ஒருவருக்குச் சொல்வதுபோலத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டி வேறு, சரக்கு வேறு என்பதைப் பிரித்துக்கொள்வோம். கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து எழுதியிருப்பது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு மட்டும்தான். யார் வேண்டுமானாலும் கிழித்துவிட்டு வேறு சீட்டு ஒட்டலாம். பெட்டி என்பது கன்டெய்னர்: வேவ், ஆக், எம்பி4 போன்றவை. உள்ளே இருக்கும் சரக்கு எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது கோடெக்: ஏஏசி, வோர்பிஸ், ஓபஸ் போன்றவை. வாட்ஸப்பில் வரும் குரல் செய்தியைப் பாருங்கள். அது ஆக் பெட்டிக்குள் ஓபஸ் சரக்கு. அதற்கு எம்பி3 என்று பெயர் மாற்றினாலும் பல பிளேயர்களில் ஒழுங்காகப் பாடும். ஏன்னா நல்ல பிளேயர் சீட்டை நம்பாது, பெட்டியைத் திறந்து முதல் சில பைட்டுகளைப் பார்க்கும். வேவ் கோப்பு ஆர்-ஐ-எஃப்-எஃப் என்ற நான்கு எழுத்தில் தொடங்கும். ஆக் கோப்பில் முதலில் ஓ-ஜி-ஜி-எஸ் இருக்கும். 'ஃபைல்' என்கிற பழைய யுனிக்ஸ் கட்டளையும் இதைத்தான் பார்த்துச் சொல்கிறது. இன்னும் விவரமாகத் தெரிய வேண்டுமென்றால் எஃப்எஃப்ப்ரோப் என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். பெட்டி என்ன, கோடெக் என்ன, எத்தனை சேனல், விநாடிக்கு எத்தனை சாம்பிள் எல்லாம் வந்துவிடும். எந்த மாற்றத்துக்கும் முன்னால் இதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

இப்போது சைஸ் கணக்கு. சிடி தரத்தில் விநாடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடது, வலது என இரண்டு சேனல். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 14,11,200 பிட். நிமிடத்துக்குச் சுமார் 10.5 எம்பி. வேவ் கோப்பு பெரும்பாலும் இந்த எண்களை அப்படியே அடுக்கி வைத்த மூட்டை, அவ்வளவுதான். விநாடிக்கு 64 கிலோபிட் எம்பி3-ஐ வேவ் ஆக மாற்றினால் 22 மடங்கு ஏறுவது இதனால்தான். அந்த 22 மடங்கில் புதிதாக ஒரு துளி ஒலிகூடக் கிடையாது. சுருக்கிக் கட்டிய மூட்டையைப் பிரித்துப் பரப்பியிருக்கிறோம். கட்டும்போது எடுத்து எறிந்தது எறிந்ததுதான்.

எதை எறிகிறது? ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் உழைத்து, 1993-இல் எம்பெக் தரத்தின் ஒரு பகுதியாக வெளியானது எம்பி3. அதன் அடிப்படை மனிதக் காதின் பலவீனம். பக்கத்தில் தவில் முழங்கும்போது காதோரம் யாராவது கிசுகிசுத்தால் கேட்காது இல்லையா? அப்படி ஒரு பெரிய ஒலியின் நிழலில் மறையும் சின்ன ஒலிகளைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடம் ஒதுக்காமல் விடுகிறது, அல்லது கொச்சையாகப் பதிகிறது. அருமையான யோசனை, சந்தேகமில்லை. 192 கிலோபிட்டுக்கு மேல் போனால் ஒரிஜினலுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என் காதுக்குப் பெரும்பாலும் முடிவதில்லை.

சிக்கல் இரண்டாவது தடவை சுருக்கும்போது வருகிறது. எம்பி3-ஐப் பிரித்து ஏஏசி ஆக்குகிறோம், அதைப் பிரித்து மறுபடி எம்பி3 ஆக்குகிறோம் என்றால் ஒவ்வொரு தடவையும் எதையாவது எறியும். போன தடவை ஏற்பட்ட பிசிறையும் உண்மையான ஒலி என்று நினைத்து, அதைக் காப்பாற்ற பிட்டுகளைச் செலவழிக்கும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கிற கதை.

என் சித்தப்பா 80-களில் டெல்டா பக்கத்துக் கிராமங்களில் நடவுப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். மொத்தம் 11 கேசட். குடும்பத்தில் யாரோ அவற்றை ஒரு கடையில் கொடுத்து டிஜிட்டல் ஆக்கினார்கள். கடைக்காரர் சிடியில் போட்டுக் கொடுத்ததெல்லாம் 64 கிலோபிட் எம்பி3. 30 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு 14 எம்பி சொச்சம். பழைய கேசட்டில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இரைச்சல் என்பது சுருக்கவே முடியாத சரக்கு, அதில் ஒழுங்கு எதுவும் கிடையாது. இருக்கிற கொஞ்ச பிட்டையும் அது தின்றுவிட, பெண்களின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. ஒரு பாட்டில் ஓர் ஊர்ப்பெயர் வருகிறது; அதன் முதல் எழுத்து 'ச'வா 'த'வா என்றே சொல்ல முடியவில்லை. 'ச'வுக்கான சீறல் மேல் அதிர்வெண்களில்தான் இருக்கும். முதலில் அடிபடுவதும் அந்தப் பகுதிதான்.

கேசட்டுகளை நான் தேடி எடுத்தபோது எட்டு நன்றாக ஓடின. மூன்றில் பூஞ்சை பிடித்து, நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. அந்த எட்டையும் மறுபடி பதிந்ததில் ஊர்ப்பெயர் 'ச'வில் தொடங்குவது தெளிவாகக் கேட்டது. மற்ற மூன்றுக்கும் அந்த 64 கிலோபிட் எம்பி3 மட்டும்தான் மிச்சம். அதில் நான் கை வைக்கவில்லை. வேவ் ஆக்கிச் சுத்தம் செய்து மறுபடி எம்பி3 ஆக்கித் தருவதாக நண்பர் ஒருவர் சொன்னார், வேண்டாம் என்றேன். இனி அந்த எம்பி3-தான் மூலம்.

மறுபதிவுக்கு நான் பயன்படுத்தியது ஏரெக்கார்ட். ஆல்சா ஒலி அமைப்போடு வரும் சின்னக் கருவி. வெறுமனே அதை ஓட்டினால் விநாடிக்கு 8,000 சாம்பிள், 8 பிட், ஒரே சேனல் என்று பழைய தொலைபேசித் தரத்தில் பதியும். மைனஸ் எஃப் சிடி என்று சேர்த்தால்தான் சிடி தரம் கிடைக்கும். ஒலி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேச அமைப்பான ஐயாசா, பழைய நாடாக்களுக்குக் குறைந்தபட்சம் 48,000 சாம்பிள், 24 பிட் என்று பரிந்துரைக்கிறது. அப்படிப் பதிந்தால் 60 நிமிடக் கேசட் ஒன்று சுமார் 1 ஜிபி வரும். இன்றைய ஹார்ட் டிஸ்க் விலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

அந்த 1 ஜிபி உறுத்துகிறது என்றால் ஃப்ளாக் இருக்கிறது. ஜாஷ் கோல்சன் எழுதி 2001-இல் முதல் நிலையான பதிப்பு வந்தது. இது எதையும் எறியாது. அடுத்து வரும் எண் என்னவாக இருக்கும் என்று கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். திரும்பப் பிரித்தால் ஒரு பிட் பிசகாமல் அதே எண்கள் வரும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மூல ஒலியின் எம்டி5 கைரேகையைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே அது எழுதி வைப்பதுதான். பத்து வருஷம் கழித்து ஃப்ளாக் மைனஸ் டி என்று கொடுத்தால், முழுக்கப் பிரித்துப் பார்த்து, கைரேகை பொருந்துகிறதா என்று சொல்லிவிடும். டிஸ்க் கெட்டுக் கோப்பு பழுதாகியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எழுதும்போது பெரிய வி போட்டு, அதாவது மைனஸ் வி என்று கொடுத்து, எழுத எழுதச் சரிபார்க்கவும் வைக்கலாம். ஃபோல்டரில் உள்ள எல்லா வேவையும் ஒரே கட்டளையில் நட்சத்திரக் குறி போட்டுக் கொடுக்கலாம், லூப் எழுத வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் சிஹெச்மாட் போட்டு எழுதும் உரிமையை எடுத்துவிடுங்கள். நள்ளிரவுத் தூக்கக் கலக்கத்திலிருந்து அது காப்பாற்றும்.

மற்ற மாற்றங்களுக்கெல்லாம் எஃப்எஃப்எம்பெக். ஃபேப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-இல் தொடங்கியது. (கியூஎம்யூ எழுதியவரும் அவர்தான். ஒரே ஆள்! நினைத்தால் நமக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடும்.) மைனஸ் ஐ, உள்ளே போகும் கோப்பு, பிறகு வெளியே வரும் கோப்பு. அவ்வளவுதான் இலக்கணம். வெளியே வரும் கோப்பின் பெயரைப் பார்த்து எந்தக் கோடெக் என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். இந்த வசதியில்தான் பொறி இருக்கிறது. எம்பி4 வீடியோவிலிருந்து பேச்சை மட்டும் எடுக்க, வெளிக்கோப்புக்கு எம்பி3 என்று பெயர் கொடுக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. உள்ளே ஏற்கெனவே சுருக்கிய ஏஏசி இருக்கிறது. அதைப் பிரித்து மறுபடி சுருக்குகிறோம். தேவையே இல்லாத ஜெராக்ஸ். அதற்குப் பதிலாக மைனஸ் வி என், மைனஸ் சி காப்பி என்று கொடுத்து, வெளிக்கோப்புக்கு எம்4ஏ என்று பெயர் வையுங்கள். வீடியோவை விட்டுவிட்டு, சரக்கைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றும். நஷ்டம் பூஜ்யம். ஒரு மணி நேர உரையாக இருந்தாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும், ஏன்னா கணக்குப் போடும் வேலையே இல்லை, டிஸ்க்கில் நகல் எடுக்கிற வேலைதான்.

இதிலிருந்து ஒரு நாட்டு வைத்தியக் குறிப்பு: நீண்ட கோப்பு மின்னல் வேகத்தில் முடிந்தால் பெரும்பாலும் பெட்டிதான் மாறியிருக்கிறது. ப்ராசஸர் சூடேறி ஃபேன் சுற்றினால் சரக்கில் கை வைத்திருக்கிறீர்கள்.

நூறு கோப்புகளை வொயில் ரீட் லூப்பில் போட்டு மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது விசைப்பலகைக் கட்டளைக்காகக் காத்திருக்கும். அதனால் லூப்புக்குப் போக வேண்டிய கோப்புப் பெயர்களின் எழுத்துகளை இது விழுங்கிவிடும். முதல் கோப்பு சரியாக மாறும், அடுத்ததில் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று பிழை வரும். பெயரைப் பார்த்தால் முன்னால் சில எழுத்துகளைக் காணோம். மைனஸ் நோ எஸ்டிடின் என்று சேர்த்தால் சரியாகிவிடும். கூடவே மைனஸ் என் போட்டால், ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதாது. கோப்புப் பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்க மறக்காதீர்கள், நம்மாட்கள் பெயரில் இடைவெளி விடாமல் இருக்கமாட்டார்கள்.

அனுப்புவதற்கு என்ன செய்வது? 1 ஜிபியை அத்தைக்கு அனுப்ப முடியாது. மூலத்திலிருந்து, கவனியுங்கள், மூலத்திலிருந்து ஒரே தடவை ஓபஸ் ஆக மாற்றுங்கள். 2012-இல் தரமாக வெளியான ஓபஸ், பேச்சுக்குக் குறைந்த பிட்ரேட்டில் அசத்துகிறது. ஒற்றைச் சேனலில் 32 கிலோபிட் கொடுத்தால் 60 நிமிடம் 14 எம்பி சொச்சம்தான். பழைய கார் பிளேயருக்கு எம்பி3-தான் வேண்டுமென்றால் லேம் இருக்கிறது. அதன் பெயரின் விரிவாக்கம் 'லேம் ஒரு எம்பி3 என்கோடர் அல்ல'. காப்புரிமைத் தொல்லை இருந்த காலத்துக் குறும்பு. ஃப்ரான்ஹோஃபர் தரப்பின் உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிந்த பிறகுதான் ஃபெடோராவில் எம்பி3 எழுதும் வசதி நேரடியாகச் சேர்ந்தது.

சரி, கையில் இருக்கும் கோப்பு உண்மையிலேயே நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டுத் தளங்களில் 320 கிலோபிட் என்று போட்டிருப்பதில் எத்தனை அசல்? இதற்கு 1991-லிருந்து இருக்கும் சாக்ஸ் உதவும். டெபியன், உபுன்டுவில் எம்பி3 படிக்க அதற்குத் தனிப் பொதி நிறுவ வேண்டும். சாக்ஸ், கோப்பின் பெயர், மைனஸ் என், ஸ்பெக்ட்ரோகிராம் என்று தட்டினால் ஒரு படம் வரும். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அதிர்வெண். 128 கிலோபிட் எம்பி3-யில் பொதுவாக 16,000-17,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பாக இருக்கும். 320 என்று பெயர் போட்ட புதுப்பாட்டில் அந்த வெட்டுக்கோடு தெரிந்தால், யாரோ 128-ஐ ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். 60-களின் பாட்டுக்கு இந்தச் சோதனை செல்லாது. அந்தக் காலப் பதிவில் மேல்பகுதி இயல்பாகவே வெறிச்சென்று இருக்கும்.

கடைசியாக, கேட்பது. ஏபிளே வேவ் கோப்புக்கு நல்லது. எம்பி3-ஐக் கொடுத்தால் அதை வெறும் எண்கள் என்று நினைத்துக் காது கிழியும் இரைச்சலாக வாசிக்கும், ஹெட்ஃபோனில் முயற்சி செய்யாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பிளேயர் என்றால் நான் எம்பிவி-யைத்தான் சொல்வேன். பழைய பாட்டைக் கேட்டு எழுத்தில் இறக்குபவர்களுக்கு அது வரப்பிரசாதம். இடது அம்புக்குறி 5 விநாடி பின்னால் போகும். சதுர அடைப்புக்குறி விசைகள் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், சுருதி மாறாது. பேக்ஸ்பேஸ் அழுத்தினால் பழைய வேகம். புரியாத சொல்லுக்கு முன்னால் எல் விசையை ஒருமுறை, பின்னால் ஒருமுறை அழுத்துங்கள். அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். சொல் பிடிபட்டதும் மறுபடி எல் அழுத்தினால் பாட்டு மேலே போகும்.