கொத்தல ஹிம்புட்டு: கோப்பை விற்பவர் அறிய வேண்டிய கணக்கு

"முதலாளி, இந்தக் கோப்பைய வாங்கினா சீனி வருத்தக் குளிசைய நிப்பாட்டலாமா?" நாட்டு மருந்துக் கடை நடத்துவோருக்கு இது பழக்கப்பட்ட கேள்வி. "ஓம்" என்றால் சரக்குப் போகும். ஆனால் அந்த ஒரு சொல்லில் வாடிக்கையாளரின் உயிரும் அடங்கியிருக்கிறது.

கொத்தல ஹிம்புட்டு கடலழிஞ்சில் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கொடி. அதன் தண்டைக் குடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது நம் நாட்டுப் பழக்கம். 1997இல் யப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு கிடைத்தது கொட்டலனோல். அந்தப் பெயரிலேயே நமது 'கொத்தல' இருக்கிறது! மாப்பொருளையும் சீனியையும் குளுக்கோசாக உடைக்கும் குடல் நொதியங்களை இவை தடுக்கின்றன. இதனால் சாப்பிட்டபின் இரத்தத்தில் சர்க்கரை மெதுவாகவே ஏறும். அகார்போஸ் குளிசையின் வேலையும் இதுதான்.

மனிதரில் பலன் உண்டா? இலங்கையில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல உதாரணம். இரண்டாம் வகை நீரிழிவுள்ள 51 பேரில் ஒரு பகுதியினர் மூன்று மாதம் இந்த மூலிகைத் தேநீரையும், அடுத்த மூன்று மாதம் மூலிகை இல்லாத தேநீரையும் குடித்தனர். மற்றவர்களுக்கு வரிசை மாறியது. எது எதுவென்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, மூலிகைத் தேநீருடன் 6.29, வெறும் தேநீருடன் 6.65 ஆக இருந்தது. ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

வித்தியாசம் உண்மையானது, ஆனால் சிறியது. வழமையான சிகிச்சையோடு சேர்த்துத்தான் இது பார்க்கப்பட்டது. குளிசைக்குப் பதிலாக அல்ல. பரிசோதிக்கப்பட்டதும் அளவு குறித்த ஒரு தேநீர்தான். உங்கள் இராக்கையிலுள்ள கோப்பையில் எவ்வளவு சலசினோல் கரைகிறது என்பதை யாரும் அளந்து தரவில்லை. எனவே அந்த 51 பேரின் பெறுபேற்றைக் காட்டிக் கோப்பை விற்பது, ஒருவர் கடைச் சரக்கின் தரச் சான்றிதழை இன்னொருவர் கடையில் தொங்கவிடுவது போன்றது.

இன்னொன்றையும் வாடிக்கையாளரிடம் சொல்லி வையுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் குடிப்பதானால் முதலில் வைத்தியரிடம் கேட்கட்டும். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்த்து நடுங்கினால், குடலில் அந்தத் தடை இருக்கும்போது சாதாரண சீனி தாமதமாகவே வேலை செய்யும். குளுக்கோஸ் தூள்தான் உடனே உதவும். அதையும் பக்கத்தில் வைத்து விற்பதில் தப்பேதும் இல்லை.

சரக்கு வாங்கும் பக்கமும் இலேசானதல்ல. மெதுவாக வளரும் கொடி இது. கேள்வி கூடக்கூட காடு குறைகிறது. பொடியாக வந்தால் எந்த மரத்தூள் என்று கண்ணால் பிரித்தறியவும் முடியாது. துண்டுகளாகவே கேளுங்கள். வெட்டுவதற்கான அனுமதிப் பத்திரத்தின் பிரதியை வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள்.