இருவரை எடுத்தார்கள், கர்ரியை விட்டார்கள்!

கூடைப்பந்து அணியின் தேர்வு சரியா, தவறா?

கையில் இரண்டு வாய்ப்பு இருந்தது. எதிரே இருந்த வாலிபர்களில் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ் பெறப் போகிறவர். ஆனால் இரண்டு வாய்ப்பையும் வேறு இருவருக்குக் கொடுத்து விட்டது ஓர் அணி!

அமெரிக்காவில் 2009-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி இது நடந்தது. அணியின் பெயர் மினசோட்டா. விடப்பட்டவர் பெயர் ஸ்டீபன் கர்ரி. "அந்தத் தேர்வு சரிதானா?" என்று ரசிகர்கள் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறார்கள். அந்த வழக்கை நாமும் விசாரிப்போம்.

தோணிக்குத் தண்டல்

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு 5 பேர் ஆடுவார்கள். அவர்களில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே வருகிறவரை "பாயிண்ட் கார்டு" என்பார்கள். பந்தை யாரிடம் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் அவரே. தோணிக்குத் தண்டல் எப்படியோ, அணிக்கு அவர் அப்படி.

அமெரிக்காவில் நடக்கும் பெரிய கூடைப்பந்துப் போட்டிக்கு "என்.பி.ஏ." என்று பெயர். ஆண்டுதோறும் அதில் உள்ள அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்து எடுக்கும். தோற்று நொந்த அணிகளுக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கும்.

மினசோட்டா அப்படி நொந்த அணிதான். அந்தப் பருவத்தில் 82 ஆட்டம் ஆடி, 24-ல் மட்டுமே ஜெயித்தது. அதற்கு 6-வது வாய்ப்பு கிடைத்தது. தன் வீரர்கள் இருவரை வாஷிங்டன் அணிக்குக் கொடுத்து, 5-வது வாய்ப்பையும் வாங்கிக் கொண்டது.

ஒரே வேலைக்கு இருவர்

5-வது வாய்ப்பில் ஸ்பெயின் நாட்டு ரிக்கி ரூபியோவை எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 18. அதற்கு முந்திய ஆண்டே பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஆடியவர். பார்ப்பது ஒரு பக்கம், பந்தைக் கொடுப்பது மறு பக்கம். அவ்வளவு கெட்டிக்காரர்!

6-வது வாய்ப்பில் ஜானி பிளின்னை எடுத்தார்கள். அவரும் சாமானியர் அல்ல. 2009 மார்ச்சில் அவருடைய கல்லூரி ஆடிய ஓர் ஆட்டம் முடிவு தெரியாமல் நீண்டு, 6 முறை கூடுதல் நேரம் கொடுத்து, 70 நிமிடம் நடந்தது. அதில் 67 நிமிடம் களத்தில் நின்றவர் பிளின்.

இருவரும் பாயிண்ட் கார்டுகள்! ஒரு தோணிக்கு இரண்டு தண்டல்!

7-வதாக நின்ற கோல்டன் ஸ்டேட் அணி, கர்ரியை எடுத்துக் கொண்டது.

திறக்காத சிப்பி

"கண் இல்லையா அவர்களுக்கு?" என்று இன்று கேட்பது சுலபம். ஆனால் சாத்தான்குளத்து மக்கள் அவசரப்பட்டு அப்படிக் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் உள்ள தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக் குளித்தார்கள். எடுத்த சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரம் இன்ன விலை என்று ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா? வாங்குகிறவருக்குத் தெரியாது. அவரவர் துணிச்சல், அவரவர் அதிர்ஷ்டம்!

கர்ரியும் அன்று திறக்காத சிப்பிதான். ஒல்லியான உடம்பு. படித்தது சிறிய கல்லூரி. "இவர் உண்மையில் பாயிண்ட் கார்டுதானா, பந்தைக் கூடையில் எறிகிறவர் மட்டும்தானா?" என்ற சந்தேகம் வேறு.

பிறகு நடந்தது என்ன?

ரூபியோ உடனே வரவில்லை. ஸ்பெயினில் 2 ஆண்டுகள் ஆடி விட்டு, 2011-ல்தான் வந்தார். பிளின் முதல் பருவத்தில் 81 ஆட்டம் ஆடினார். 2010-ல் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு பழைய வேகம் திரும்பவில்லை. 2012-ம் ஆண்டோடு அவருடைய என்.பி.ஏ. ஆட்டம் முடிந்தது. பாவம், அது அவர் குற்றம் அல்ல.

2009-10 பருவத்தில் மினசோட்டா ஜெயித்தது வெறும் 15 ஆட்டம்!

கர்ரிக்கும் சோதனை வந்தது. கணுக்காலில் அடி மேல் அடி. 2011-12 பருவத்தில் அவரால் 26 ஆட்டமே ஆட முடிந்தது. அன்று தீர்ப்புச் சொல்லி இருந்தால், "கோல்டன் ஸ்டேட்டும் ஏமாந்தது" என்றே பலரும் சொல்லி இருப்பார்கள். ஆனால் அந்த அணி அவரைக் கைவிடவில்லை. பலன்? 2015, 2017, 2018, 2022 ஆகிய 4 ஆண்டுகளில் கோப்பை! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கர்ரிக்குத் தங்கப் பதக்கம்!

தீர்ப்பு

ரூபியோவை எடுத்தது தவறு அல்ல. 2019-ல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றபோது, போட்டியின் சிறந்த வீரர் என்ற பரிசு அவருக்குத்தான் கிடைத்தது.

தவறு அடுத்த தேர்வில்தான் இருக்கிறது. ரூபியோ பந்தைக் கொடுப்பதில் சூரர். தொலைவில் இருந்து கூடையில் எறிவதில் அவ்வளவு திறமை இல்லை. அவர் கொடுக்கும் பந்தை வாங்கி எறிய ஓர் ஆள் வேண்டும் அல்லவா? கல்லூரிகளில் அந்தப் பருவத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர் கர்ரி. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 28.6 புள்ளி! இது சிப்பிக்குள் மறைந்து கிடந்த ரகசியம் அல்ல. அன்றே ஊர் அறிந்த கணக்கு.

கர்ரி இவ்வளவு பெரிய வீரர் ஆவார் என்று தெரியாமல் போனது குற்றம் அல்ல. யாருக்கும்தான் தெரியாது. இருக்கும் ஆளுக்குத் துணையாக என்ன வேண்டும் என்று பார்க்காமல், அதே வேலைக்கு இன்னொருவரை எடுத்ததுதான் பிசகு.

பள்ளிக்கூட மைதானத்தில் அணி சேர்க்கிறவர்களுக்கும் இது பொருந்தும். யார் பெரிய ஆட்டக்காரன் என்று மட்டும் பார்த்தால் போதாது. யாரோடு யார் சேர்ந்தால் அணி நிமிரும் என்றும் பார்க்க வேண்டும். ஓரத்தில் நிற்கும் ஒல்லிப் பையனிடமும் ஒரு தடவை பந்தைக் கொடுத்துப் பாருங்கள். பந்தைக் கொடுக்காமல் அவன் திறமை எப்படித் தெரியும்?