பாரத் நகருக்கு வந்த கிரேக்க வழக்கு

ஓர் எழுத்துக்குத் தடை விதிக்க முடியுமா? கிரேக்கத்தில் 1967 ஏப்ரல் 21-ம் தேதி ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவ அதிகாரிகள் அதையும் செய்தனர் என்று அறிவித்து முடிகிறது 'இஸட்' திரைப்படம். 'அவர் வாழ்கிறார்' என்று கிரேக்க மொழியில் பொருள்படும் அந்த எழுத்து, கொலையுண்ட ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் நினைவுச் சின்னமாக விளங்கியது.

அவர் கிரிகோரிஸ் லாம்பிராகிஸ். 1963 மே 22-ம் தேதி இரவு, தெசலோனிகி நகரில் போர் எதிர்ப்புக் கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வந்த அவரை, மூன்று சக்கர வாகனத்தில் வந்தவர்கள் தலையில் தாக்கி வீழ்த்தினர். ஐந்து நாள்களில் உயிர் பிரிந்தது. சாலை விபத்து என்றது அதிகார வர்க்கம். விசாரணை நீதிபதி கிறிஸ்டோஸ் சார்ட்ஸெடாகிஸ் அதை ஏற்கவில்லை. கொலையாளிகளுக்குக் காவல் துறையுடன் இருந்த தொடர்பை வெளிக்கொணர்ந்தார்.

இச்சம்பவத்தை வஸிலிஸ் வஸிலிகோஸ் நாவலாக எழுதினார். அதை 1969-ல் கோஸ்டா கவ்ராஸ் படமாக்கியபோது கிரேக்கத்தில் ராணுவ ஆட்சி. படப்பிடிப்பு அல்ஜீரியாவில் நடந்தது. சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதும் அல்ஜீரியாவின் பெயரிலேயே கிடைத்தது.

அதே நாவலைத் தழுவி ஹிந்தியில் திபாகர் பானர்ஜி இயக்கிய 'ஷாங்காய்' 2012 ஜூனில் வெளியானது. கற்பனை நகரான பாரத் நகரில் சர்வதேச வணிகப் பூங்கா அமைக்க ஏழைகள் அப்புறப்படுத்தப்படுகின்றனர். அதை எதிர்க்கும் டாக்டர் அகமதி மீது வாகனம் மோதுகிறது. இங்கும் 'விபத்து' என்கிறது அரசு. விசாரணைக்குப் பொறுப்பேற்பவர் கிருஷ்ணன் என்கிற தமிழரான ஐஏஎஸ் அதிகாரி.

இரு படங்களும் பிரியும் இடம் இதுவே. கிரேக்க நீதிபதிக்குக் குற்றம் சாட்டும் அதிகாரம் இருந்தது. அவரை அடக்க ராணுவ ஆட்சி வெளிப்படையாகவே செயல்பட வேண்டியிருந்தது: பதவியைப் பறித்தது, பின்னர் சிறையிலும் அடைத்தது. கிருஷ்ணனை எவரும் சிறையில் அடைக்கவில்லை. கையில் ஆதாரம் இருந்தும், நேர்வழியில் அது எங்கும் போய்ச் சேராது என்பதை அவர் உணர்கிறார். ஆட்சியிலிருப்போரை அவர்களது அரசியல் எதிரிகளைக் காட்டியே பணிய வைக்கிறார்.

இது வெறும் கற்பனையன்று. 1952-ம் ஆண்டு விசாரணைக் கமிஷன் சட்டப்படி, கமிஷனின் முடிவுகள் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. நடவடிக்கைக் குறிப்புடன் அறிக்கையை ஆறு மாதங்களுக்குள் அவையில் வைக்க வேண்டும் என்பது விதி. அறிக்கை வந்தால்தானே அந்த விதிக்கு வேலை? பாபர் மசூதி இடிப்பு குறித்து விசாரிக்க 1992 டிசம்பரில் அமைக்கப்பட்ட லிபரான் கமிஷனுக்கு மூன்று மாத அவகாசமே தரப்பட்டது. 48 முறை நீட்டிப்புப் பெற்று, 2009 ஜூனில்தான் அது அறிக்கை அளித்தது.

கிரேக்கத்தில் ராணுவ ஆட்சி 1974-ல் வீழ்ந்தது. அது சிறையிலிட்ட நீதிபதி, 1985-ல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். ராணுவ ஆட்சிக்கு நீதிபதியைச் சிறையில் தள்ள வேண்டியிருந்தது. ஜனநாயகத்தில் உண்மையை முடக்க ஒரு கால நீட்டிப்பு ஆணையே போதும்.