ஆபர்ன் சாலையின் பிரசங்க மேடை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில், நகர மையத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் ஆபர்ன் சாலை இன்று கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரால் அறியப்படுகிறது. அவர் 1929 ஜனவரி 15 அன்று பிறந்த வீடும், அவருடைய தாய்வழிப் பாட்டனாரும் தந்தையும் பின்னர் அவரும் போதகர்களாக இருந்த எபெனேசர் பாப்டிஸ்ட் தேவாலயமும், அவருடைய கல்லறையும் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் அமைந்திருப்பதால், இதனை ஒரு தலைவரின் நினைவிடமாக மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புவது எளிது. அவ்வாறு திரும்புவோர் அந்தத் தலைவருக்கு முன்பே இத்தெரு கட்டியெழுப்பியிருந்த பொருளாதாரத்தைக் காணத் தவறுகிறார்கள்.

அடிமைமுறை 1865இல் ஒழிந்த பிறகும், பள்ளி, பேருந்து, உணவகம், வாக்குச்சாவடி என எங்கும் கறுப்பின மக்களைப் பிரித்துவைத்த இனஒதுக்கல் சட்டங்கள் தென்மாநிலங்களில் நடைமுறையில் இருந்தன. 1906 செப்டம்பரில் அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்கிக் கொன்றதைத் தொடர்ந்து, நகர மையத்தில் இருந்த கறுப்பின வணிகங்கள் பலவும் ஆபர்ன் சாலைக்கு இடம்பெயர்ந்தன. அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தும் தொழிலில் செல்வம் ஈட்டிய அலோன்சோ ஹெர்ன்டன் 1905இல் தொடங்கிய காப்பீட்டு நிறுவனமும், 1921இல் தோன்றிய சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கியும், 1928இல் வெளிவரத் தொடங்கிய ‘அட்லாண்டா டெய்லி வேர்ல்ட்’ செய்தித்தாளும் இத்தெருவை ஒரு தனி நகரமாகவே ஆக்கின. உலகிலேயே செல்வம் மிக்க கறுப்பினத் தெரு இதுவென்று ‘பார்ச்சூன்’ இதழ் 1956இல் குறிப்பிட்டது.

இந்தப் பொருளாதாரத்துக்கும் பிரசங்க மேடைக்கும் உள்ள உறவே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. அரசுப் பள்ளியில் பணியாற்றிய கறுப்பின ஆசிரியரும், வெள்ளையர் வீட்டில் வேலை செய்த பணிப்பெண்ணும் உரிமை கேட்டு வாய் திறந்தால் வேலையை இழக்க நேரிடும் என்ற நிலையில், சபையாரின் காணிக்கையால் வாழ்ந்த போதகரை வேலையிலிருந்து நீக்க வெள்ளை முதலாளி எவராலும் இயலவில்லை. மேலும், பாப்டிஸ்ட் மரபில் ஆயர்களின் மேலாட்சி இல்லை; ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. இந்த இரட்டைச் சுதந்திரத்தைப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர், 1894இல் எபெனேசரின் பொறுப்பை ஏற்ற கிங்கின் பாட்டனார் ஏ. டி. வில்லியம்ஸ். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றுகூட இல்லாத நிலையில், பள்ளிகளுக்காக நகராட்சி கடன் திரட்டும் திட்டத்தைக் கறுப்பின வாக்காளர்கள் எதிர்த்து வாக்களித்து முறியடித்த இயக்கத்தில் அவர் முன்னணியில் நின்றார். அதன் பயனாக 1924இல் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. கிங்கும் பின்னாளில் அங்கேயே பயின்றார்.

சபையின் வழிபாட்டு முறையும் போராட்டத்துக்கு ஏற்ற பயிற்சியாக அமைந்தது. போதகர் ஒரு தொடரைச் சொல்ல, சபையார் அதற்குக் குரல் கொடுக்க, அக்குரலைப் பற்றிக்கொண்டு அடுத்த தொடர் மேலெழும் இம்மரபில், கேட்பவர்களும் பிரசங்கத்தை உருவாக்குபவர்களே ஆவர். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரவேலர் விடுபட்ட யாத்திராகம வரலாறு, அடிமைகளின் வழித்தோன்றல்களுக்குப் பழங்கதையாக அன்றித் தங்கள் வாழ்க்கையின் விளக்கமாகவே ஒலித்தது.

எனினும், சமய நம்பிக்கை இயல்பாகவே சமூகநீதிக்கு இட்டுச்செல்லும் என்று கொள்வதற்கு இல்லை. கிங்கின் போராட்ட முறையை ஏற்காதவர்களில், நாட்டின் மிகப்பெரிய கறுப்பின பாப்டிஸ்ட் அமைப்பின் தலைவரான ஜே. எச். ஜாக்சனும் ஒருவர்; அந்தப் பிணக்கின் விளைவாக 1961இல் தனி அமைப்பொன்று பிரிந்து உருவாயிற்று. 1957இல் எபெனேசரில் கூடிய போதகர்கள் தொடங்கிய தென்மாநிலக் கிறித்தவத் தலைமை மாநாடு என்னும் அமைப்பின் அலுவலகத்தை நிலைநிறுத்திய எல்லா பேக்கர், பெண் என்பதால் போதகர்களிடையே உரிய இடம் பெறவில்லை என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

இத்தெருவின் சிந்தனை ஊரெல்லைக்குள் அடங்கவில்லை. அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் பயின்ற இறையியலாளர் ஹவர்ட் தர்மன் 1935இல் இலங்கைக்கு வந்தபோது, கறுப்பின மக்களை அடிமையாக்கியவர்களின் சமயத்தை அவர் எவ்வாறு பின்பற்றலாம் என்று கொழும்புச் சட்டக் கல்லூரியில் ஒருவர் வினவினார். 1936இல் இந்தியாவில் காந்தியையும் சந்தித்துத் திரும்பிய தர்மன், இயேசுவை ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நிறுத்திக் காட்டும் நூலொன்றை 1949இல் வெளியிட்டார்; அதனைக் கொழும்புக் கேள்விக்கான விடையாகவே வாசிக்கலாம். மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவராகி, கிங்கின் சிந்தனையை வடிவமைத்த பெஞ்சமின் மேஸும் காந்தியைச் சந்தித்தவரே.

கிங் 1959இல் ஏறத்தாழ ஒரு மாத காலம் இந்தியாவில் பயணம் செய்து, கன்னியாகுமரி வரை சென்றார். தலித் மாணவர்கள் பயின்ற திருவனந்தபுரம் பள்ளியொன்றில் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தியபோது முதலில் திடுக்கிட்ட அவர், தன் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து அப்பெயரை ஏற்றுக்கொண்டார். இதனை அவர் 1965 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாளிலேயே, எபெனேசரின் மேடையிலிருந்து எடுத்துரைத்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

இனஒதுக்கல் முடிவுக்கு வந்ததும் வாடிக்கையாளர்கள் நகரின் பிற கடைகளையும் நாடத் தொடங்கினர். அதற்குள் ஆபர்ன் சாலைக்கு மேலாக எழுப்பப்பட்ட விரைவுச்சாலை தெருவை இரண்டாகத் துண்டித்திருந்தது. கிங்கின் பிறந்த வீடும் தேவாலயமும் அமைந்த கிழக்குப் பகுதி 1980இல் தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்டு நடுவண் அரசின் பராமரிப்பைப் பெற, ஆபர்ன் வணிகப் பகுதியோ 2012இல் நாட்டின் அழியும் நிலையிலுள்ள வரலாற்று இடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஹெர்ன்டனின் காப்பீட்டு நிறுவனக் கட்டடம் நிற்பது விரைவுச்சாலைக்கு மேற்கே.