மாணவர் மூச்சும் ஆசிரியர் கடனும்

மாணவர் பாடசாலைக்கு வெளியே மது அருந்துகின்றனரா என்று கருவிகொண்டு சோதித்தல் வேண்டும் என்பார் உளர். வாழைச்சேனையில் நண்பர் ஒருவரும் அண்மையில் இதனையே வற்புறுத்தினார். அவர்தம் கவலை பொய்யன்று. 2017இல் அயலிலுள்ள கல்குடாவில் மதுசார உற்பத்திச்சாலை கட்டப்பட்டபோது மக்கள் எதிர்த்தமையை நாம் மறந்திலோம். ஆயினும் சோதனைக்கு நான் உடன்படேன்.

மூச்சுச் சோதனை சில மணி நேரத்துக்கு முன் அருந்தியதையே காட்டும். சனியிரவு குடித்தவன் திங்கட்காலை தூயவனாவான்! சிறுநீர்ச் சோதனை சில நாள் கழிந்தும் காட்டும். ஆயின், கையில் தடவும் கிருமிநீக்கியாலும் அது பிழைபடலாம். மறைவிற் குடிப்போனை ஊரார் உய்த்துணர்ந்து நகுவர் என்பது கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் கருத்து. அறிதற்கு ஊரே போதும், கருவி எற்றுக்கு?

மேலும், 21 வயதிற் குறைந்தோர்க்கு மது விற்றலை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. அதனை மீறியவன் விற்றவனன்றோ? அவனை விடுத்துப் பையனை ஊதச் சொல்லுதல் என்ன முறை?

முன்னொருகால், வகுப்பு முடிந்தபின் மாணவன் ஒருவன் தயங்கி நின்றான். தந்தை மிச்சம் வைத்த சாராயத்தைத் தான் பலநாளாகக் குடித்துவருவதைக் கூறி அழுதான். வாயிலிற் கருவியோடு நின்றவனாக நான் இருந்திருப்பின் என்னிடம் வந்திருப்பானோ? அன்று மாலையே அவன் தந்தையாரைக் காணச் சென்றேன்.