பிச்சாவரத்துக் கண்டற்காடு

காடு என்றவுடன் மலையும் அருவியும் தேக்கும் மூங்கிலுமே நம் நினைவில் எழுகின்றன. நீரிலே காலூன்றி நிற்கும் காடும் ஒன்று உண்டென்பதையும், அதனைக் காண மலையேற வேண்டுவதில்லை என்பதையும் நம் மாணாக்கருட் பலர் அறியார். கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திலிருந்து சுமார் 10 மைல் தொலைவில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலொடு கலக்கும் இடங்களுக்கு நடுவே பிச்சாவரத்துக் கண்டற்காடு பரந்து கிடக்கிறது. கண்டல், நெய்தல் பாடிய பழம்புலவர்க்கு நன்கு தெரிந்த மரம். இக்காலத்தார் இக்காட்டை அலையாத்திக் காடு என்றும் சுரபுன்னைக் காடு என்றும் வழங்குவர். பெயர் எதுவாயினும், இஃது ஒரே மரத்தின் தோப்பன்று; பலவகை மரங்கள் தத்தமக்குரிய இடத்தில் நின்று கூடி வாழும் கலப்புக் காடு. அவ்விடங்களை வகுத்துக் கொடுப்பது யாது என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

படகிலேறிக் கால்வாய் வழியே செல்வோர்க்கு முதலில் தோன்றுவது சுரபுன்னை. நடுமரத்தினின்றும் கிளைகளினின்றும் வளைந்திறங்கிச் சேற்றில் ஊன்றும் அதன் வேர்கள் ஆலம் விழுதுகளை நினைப்பூட்டும். இவை மரத்தைத் தாங்குவதற்கு மாத்திரம் அமைந்தவை அல்ல. அச்சேற்றைத் துடுப்பினால் கிளறினோம். அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தது. பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை அது. அங்கே புதைந்த வேர் மூச்சுவிட வழியில்லை. ஆதலின் மேலே தெரியும் வேர்ப்பகுதியின் சிறு துளைகள் வாயிலாகக் காற்று உட்புகுந்து கீழே செல்கிறது.

சுரபுன்னை வரிசை பெரும்பாலும் குறுகியதே. அதன் பின்னே நிற்பது வெண்கண்டல். பிச்சாவரத்தில் மிகுதியும் காணப்படுவது இதுவே. இதன் வேர்கள் தரைக்குள் கிடையாக ஓடி, ஆங்காங்கே எழுதுகோல் நட்டாற்போலக் குச்சிகளை மேல்நோக்கி நீட்டுகின்றன. அவையும் மூச்சு வேர்களே. எம்முள் ஒருவர் அவற்றைத் தொட்டுப் பார்க்கும் ஆவலால் படகைவிட்டு இறங்கி முழங்கால்வரை புதைந்தார்; அவருடைய செருப்புகளுள் ஒன்று இன்றும் அங்கேயே உளது. உப்பை ஆளும் முறையிலும் இவ்விரு மரங்களும் வேறுபடும். சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டலோ ஓரளவு உள்ளே விட்டுப் பின்னர் இலையின் சுரப்பிகளால் வெளியேற்றும். அதன் இலையை நாவால் தொட்டவர்க்கு வேறு சான்று வேண்டா.

சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் விநோதத்தையும் ஆங்குக் கண்டோம். பக்குவமானபின் அது விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். அன்றேல் மிதந்து சென்று வேறிடத்தில் வேரூன்றும்.

இன்னும் சற்று மேடான இடத்தில் தில்லை மரம் நிற்கிறது. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயர் வந்தது இம்மரத்தினாலேயாம். இன்று அந்நகரத்தில் தில்லைவனம் இல்லை. மரத்தைக் காண விழைவோர் பிச்சாவரத்திற்கே வருதல் வேண்டும். வந்தோர் கிளையை ஒடியாதிருப்பது நலம்; அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு. இவற்றிடையே நரிக்கண்டலும் கழுதைமுள்ளியும் வளர்கின்றன. உப்பு மிகுந்து மரம் எதுவும் நில்லாத வெளியில் உமரிப் பூண்டு தரையோடு தரையாய்ப் படர்ந்துள்ளது.

இவ்வரிசை முறையை அமைப்பது நீரின் போக்கே. இக்கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே தரை ஒரு சாண் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், நீர் வந்து போகும் நேரமும் மண்ணின் உவர்ப்பும் மாறிவிடும். நீர் வருவது எத்துணை அவசியமோ, அத்துணை அவசியம் அது திரும்பிப் போவதும்.

இவ்வுண்மையை அறியாது செய்த பிழை ஒன்று உண்டு. பிரிட்டிஷார் ஆட்சியில் இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, ஒரு பகுதியில் உள்ள மரங்களை முழுவதும் வெட்டும் வழக்கம் ஏற்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னும் அது பல ஆண்டுகள் நீடித்தது. வெட்டிய இடம் தானே தழைத்துவிடும் என்பது கணக்கு. நிகழ்ந்தது வேறு. நிழல் போனதும் வெயில் சேற்றில் நேரே விழுந்தது, ஈரம் வற்றியது, மண்ணிலிருந்த மட்கும் சிதைந்தது, தரை அமிழ்ந்து தொட்டிபோல் குழிந்தது. பெருக்கின்போது உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மாத்திரம் விட்டுச் சென்றது. மீண்டும் மீண்டும் இவ்வாறு நிகழவே, உப்பை உமிழும் வெண்கண்டலுக்கும் அவ்விடம் ஆகாததாயிற்று. ஊரார் ஆடுமாடு மேய்த்ததும் விறகு வெட்டியதுமே காடு அழிந்ததற்குக் காரணம் என்று நெடுங்காலம் பழி சுமத்தப்பட்டது. அதில் உண்மை சிறிது இருக்கலாம். பெரும்பழி கணக்கிட்டு வெட்டியவர்களையே சாரும் என்பது எம் கருத்து.

காரணம் தெரிந்தபின் மருந்தும் தெரிந்தது. 1990க்குப் பின் வனத்துறையினரும், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும், அவ்வூர் மக்களும் கூடி, மீன்முள் போலக் கிளை விரியும் வாய்க்கால்களை அக்குழிகளில் வெட்டினர். ஓதநீர் வந்து திரும்பியது. உப்புக் கரைந்து சென்றது. நட்ட வெண்கண்டல் தழைத்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் பின்னிருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாயிருந்தது. கடலிலிருந்து அவை இருந்த தொலைவும் தரையின் உயரமும் அதற்கு உதவின என்று ஆராய்ச்சியாளர் சிலர் மறுத்துரைப்பதையும் மறைத்தல் ஆகாது. 2022இல் இவ்விடம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குரிய ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வாய்க்கால் வெட்டுவதால் கடல்நீரின் போக்கைச் சீராக்கலாம். ஆற்றுநீரைக் கொணர இயலாது. காவிரி நீர் மேலே அணைகளில் தேக்கப்படுவதால், கொள்ளிடத்தின் கடைமடைக்கு வெள்ளக் காலம் ஒழிய நன்னீர் வருவது அருகிவிட்டது. யாம் சென்றது சித்திரை மாதம். படகு வலித்த பெரியவர் கால்வாய் நீரைக் கையில் ஏந்தி வாயிலிட்டு உடனே உமிழ்ந்தார். ஐப்பசி மழைக்குப் பின் வந்தால் இதே நீர் இவ்வளவு கரிக்காது என்றும், தம் தந்தையார் காலத்தில் கோடையிலும் இவ்வாறு கரித்ததில்லை என்றும் சொல்லிவிட்டு, மீண்டும் துடுப்பை எடுத்துக்கொண்டார்.