கால்கறி ஏன் மணிக்கணக்கில் வேகிறது?

ஆரணியில் கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைப்பார்கள். செரிசின் என்ற பசைப் புரதம் கரைந்துபோகும்; பளபளக்கும் இழை மிஞ்சும். வேலூரைத் தாண்டி, ஆம்பூரில் மாட்டுக்கறி வேகும் அடுப்பிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

முதுகெலும்பை ஒட்டிய உள்தசை, அதாவது அண்டர்கட், அதிகம் உழைக்காதது. தசையைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதம் அதில் குறைவு, கல்லில் சில நிமிடம் வாட்டினாலே மெத்தென்றாகும். உடலைச் சுமந்து நடந்த கால்தசையிலோ கொலாஜன் நிறைய. 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வெந்தால்தான் அது ஜெலட்டினாக இளகும், குழம்பும் கெட்டிப்படும். எனக்குக் கால்கறிதான் பிடிக்கும். அந்தச் சாறு அண்டர்கட்டில் வராது.

மாட்டுக்கறி உடம்புக்கு நல்லதா? கீரையின் இரும்பைவிட இதிலுள்ள ஹீம் இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சும்; பி12-உம் உண்டு. ரத்தசோகை மிகுந்த நம் பெண்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்றும், சிவப்பு இறைச்சி அநேகமாக உண்டாக்கும் என்றும் வகைப்படுத்தியது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் சொல்லும் உச்ச அளவு, வாரத்துக்குச் சமைத்த கறி 350 முதல் 500 கிராம். ஆரணியில் அந்தப் பட்டை நாளெல்லாம் தறியில் உட்கார்ந்து நெய்பவர்கள் கொழுப்பை அரிந்தெடுத்துவிட்டுச் சமைப்பது நல்லது.